வட்டாரக் கல்வி அலுவலர் தேர்வு: எழுதிய நம் குழு உறுப்பினர்களின் அனுபவங்கள்

பெரம்பூர் உறுப்பினர், வரலாற்றுப் பட்டதாரி:

நான் 2023 செப்டம்பர் 10 அன்று ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்திய வட்டாரக் கல்வி அலுவலர் தேர்வை எழுதினேன். அறிவிக்கப்பட்டிருந்தவை 33 இடங்கள் மட்டுமே. தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் ஆகிய பாடங்களில் பட்டமும் பி.எட்.டும் முடித்தவர்கள் எல்லோரும் ஒரே வினாத்தாளைத்தான் எழுதுகிறார்கள். எனவே அவரவர் பட்டப் பாடம் அவரவருக்குக் கொஞ்சம் முன்னிலை தரும், அவ்வளவே. மற்ற பாடங்களில் யார் குறைவாக இழக்கிறார் என்பதே தரவரிசையை முடிவு செய்கிறது என்பது என் கருத்து. எனக்கு இயற்பியலும் வேதியியலும் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பாடங்கள். ஆகவே வரலாற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, ஆறாம் வகுப்பு முதல் அறிவியல் பாடநூல்களை, ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் உள்ள பயிற்சி வினாக்களோடு சேர்த்துப் படித்தேன். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுசென்று படிக்கும் பகுதிதான் அதற்கு இடம் கொடுத்தது. சனி, ஞாயிறுகளில் அங்கே இருக்கை கிடைப்பதே தனிப் போட்டி.

தேர்வு இரண்டு பகுதிகளாக இருந்தது. முதலில் பத்தாம் வகுப்புத் தரத்தில் கட்டாயத் தமிழ்மொழித் தகுதித் தேர்வு: 30 வினாக்கள், 50 மதிப்பெண், 30 நிமிடம். இதில் 40 விழுக்காடு, அதாவது 20 மதிப்பெண் எடுக்காதவரின் அடுத்த பகுதி திருத்தப்படுவதே இல்லை. 2021 டிசம்பர் 1ஆம் நாளிட்ட அரசாணை எண் 133 வந்த பின் எல்லா அரசுப் பணித் தேர்வுகளுக்கும் பொதுவாகிவிட்ட நிபந்தனை இது. இம்மதிப்பெண் தரவரிசையில் சேராது என்பதால் பலரும் இதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆங்கில வழியில் படித்த நண்பர்கள் இலக்கணத்துக்காகவாவது பத்தாம் வகுப்புத் தமிழ் நூலை ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுவது நல்லது. அடுத்தது 150 வினாக்கள், 150 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு வினாவுக்குச் சராசரியாக ஒரு நிமிடமும் சில நொடிகளும்தான் கிடைக்கும். கணித வினாக்கள் அதைவிடக் கூடுதலாகவே கேட்கும் என்பதால், பொது அறிவையும் மொழிப் பாடங்களையும் முதலில் முடித்துவிட்டுக் கணக்கிற்கு வந்தது எனக்கு உதவியது.

வேளச்சேரி உறுப்பினர், கணிதப் பட்டதாரி:

பெரம்பூர்ச் சகோதரி எழுதியதோடு உடன்படுகிறேன். நான் 2020 பிப்ரவரியில் நடந்த முந்தைய தேர்வையும் எழுதியவன். அப்போது 97 இடங்கள். தேர்வு கணினி வழியில் மூன்று நாட்கள் நடந்தது. தமிழ்த் தகுதிப் பகுதி கிடையாது. கணினித் திரையில் மீதி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், விடையை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். 2023 தேர்விலோ ஓ.எம்.ஆர். தாள், அதாவது வட்டங்களை நிரப்பி விடையளிக்கும் தாள்; அதில் கறுப்புப் பேனாவால் வட்டத்தை நிரப்பியபின் மாற்ற வழியில்லை. அதனால் வீட்டிலேயே மாதிரி ஓ.எம்.ஆர். தாள்களை அச்செடுத்து, கடிகாரத்தை முன்னால் வைத்து எழுதிப் பழகினேன்.

கணிதக்காரர்களுக்கு வினாத்தாளில் வரும் கல்வியியல்தான் கடினம் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில், பெயர்களையும் கோட்பாடுகளையும் தனித்தனியாக மனனம் செய்தால்தான் அது கடினம். குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பற்றி உளவியலாளர் பியாஜே சொன்ன நான்கு நிலைகளில் ஏழு முதல் பதினொரு வயது வரையிலான பருப்பொருள் செயல்பாட்டு நிலையை, மூன்றாம் வகுப்பில் குச்சிகளையும் மணிகளையும் வைத்துக் கூட்டல் சொல்லித் தருவதோடு சேர்த்துப் பார்த்தால் மறக்காது. கல்வி வரலாற்றிலும் அப்படியே. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. லட்சுமணசாமி முதலியாரின் தலைமையிலான ஆணையம் 1952–53இல் இடைநிலைக் கல்வியை ஆராய்ந்தது. கோத்தாரி ஆணையம் 1964–66இல் கல்வி முழுவதையும் ஆராய்ந்து 10+2+3 அமைப்பைப் பரிந்துரைத்தது. இரண்டின் எல்லை எது என்று தெரிந்துகொண்டால் குழப்பம் வராது.

கல்வி உரிமைச் சட்டத்தை மட்டும் எண்களோடு படிக்கச் சொல்வேன். 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி, ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 கற்பித்தல் மணிகளும், ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 220 நாட்களும் 1,000 மணிகளும் வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பணியில் சேர்ந்தபின் ஒரு வட்டாரக் கல்வி அலுவலர் பள்ளி ஆய்வில் பார்க்கப் போவதும் இவற்றைத்தானே.

அம்பத்தூர் உறுப்பினர்:

தேர்வு முடிந்தபின் நடப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். உத்தேச விடைக்குறிப்பு வெளியானதும் அதன்மீது ஆட்சேபனை தெரிவிக்கக் குறுகிய கால அவகாசமே தருவார்கள். ஆதாரமாகத் தரமான பாடநூல்களின் பக்கங்களை இணைக்க வேண்டும். கைடுகளும் பயிற்சி மையக் குறிப்புகளும் ஏற்கப்படுவதில்லை. நான் ஒரு வினாவுக்கு ஆதாரம் தேடி எழும்பூர் கன்னிமாரா நூலகம் வரை போனேன். பயிற்சி மையத்தார் கொடுத்த தொகுப்பில் அவ்விடை இருந்ததே தவிர, அது எந்த நூலிலிருந்து வந்தது என்பதை அவர்களாலேயே சொல்ல முடியவில்லை. படிக்கும்போதே குறிப்பின் ஓரத்தில் வகுப்பையும் பக்க எண்ணையும் எழுதி வைத்திருப்பவருக்கு இந்த அலைச்சல் இராது.

சான்றிதழ் சரிபார்ப்பில், தமிழ் வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு இடஒதுக்கீட்டைக் கோருவோர், பள்ளிப் படிப்பு முதல் பி.எட். வரை ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் தனித்தனியாகத் தமிழ் வழிச் சான்று வாங்கியிருக்க வேண்டும். சொந்த ஊரில் படித்துவிட்டுச் சென்னையில் வேலை பார்ப்பவர்கள் முடிவு வரும்வரை காத்திருக்காமல், விண்ணப்பிக்கும்போதே ஊருக்குச் சென்று தலைமையாசிரியரின் கையொப்பத்தோடு வாங்கிவிடுங்கள். கோடை விடுமுறையில் பள்ளி அலுவலகம் திறந்திருக்குமா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.