உயர்மின் கோபுரம் வருமுன் தாழிமேட்டை யார் பார்ப்பது?

கேள்வி (மேலூர் விவசாயி): எங்கள் புஞ்சை வழியே உயர்மின் பாதைக்கு அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். அந்த மேட்டில் உழும்போதெல்லாம் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளும் முதுமக்கள் தாழி (இறந்தோரைப் புதைத்த பெரிய பானை) விளிம்புகளும் வெளிப்படுகின்றன. தோண்டுமுன் தொல்லியல் ஆய்வு கட்டாயமா?

பதில் 1: மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னமெனில், தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தப்படி எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கப்பால் மேலும் 200 மீட்டருக்கு முன் அனுமதிக் கட்டுப்பாடும் உண்டு. அறிவிக்கப்படாத மேட்டுக்கு இவ்விதி பொருந்தாது என்பதுதான் சிக்கல்.

பதில் 2: அதனால்தான் மேற்பரப்பாய்வு, அதாவது தோண்டாமல் நிலத்தின்மேல் கிடப்பதைப் பார்த்துப் பதிவது, முக்கியம். கீழடி கூட அகழாய்வுக்கு முன்பு வெறும் தென்னந்தோப்பு. வைகைக் கரையில் 2013-14இல் நடந்து பார்த்த கள ஆய்வு 293 இடங்களைப் பட்டியலிட்ட பிறகே அங்கே குழி தோண்டப்பட்டது. உழவு முடிந்து ஒரு மழை பெய்தபின், ஓடுகளைப் பொறுக்காமல், கிடக்கும் இடத்திலேயே படமெடுத்து, புல எண்ணுடன் மாநிலத் தொல்லியல் துறைக்கும் ஆட்சியருக்கும் எழுதுங்கள். கோபுரம் நான்கு கால்களில் நிற்பது; குழி தோண்டுவது அந்தக் கால்களுக்குத்தான். ஆகவே வரைபட நிலையிலேயே சொன்னால் இடத்தை நகர்த்துவது எளிது, கான்கிரீட் ஊற்றிய பின் எவரும் நகர்த்தமாட்டார்கள்.

கேட்டவர்: நன்றி. கார்த்திகைக்குள் உழவு முடிந்துவிடும்; மனுவுடன் படங்களையும் இணைக்கிறேன்.