வாவ் கிளாசிக்: நான் டேங்க், ஆனால் பார்ட்டியில் யாரும் காத்திருப்பதில்லை. என்ன செய்யலாம்?

கொம்பன்

வணக்கம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கில் டாரன் இன வாரியர், லெவல் 36. ஸ்கார்லெட் மொனாஸ்டரி டன்ஜனில் டேங்க் செய்கிறேன், அதாவது எதிரிகளின் அடியை என் மேல் வாங்கிக்கொள்கிற ஆள். அதில் கிரேவ்யார்டு, லைப்ரரி பகுதிகள் எப்படியோ ஓடிவிட்டன. கதீட்ரலில்தான் மானம் போகிறது.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். முற்றத்தில் ஒரு கூட்டம் நிற்கிறது. நான் வில்லால் ஒருவனை அடித்துவிட்டு, நாங்கள் வந்த நடைவழிக்குள் இழுத்து வருகிறேன். அவர்கள் பாதி தூரம் வருவதற்குள் மேஜ் பிளிசார்ட் (கூட்டத்தையே அடிக்கிற பனிமழை மந்திரம்) போட்டுவிட்டார். மொத்தப் பேரும் அவர் மேல் பாய, அவர் என்னை விட்டு எதிர்ப்பக்கம் ஓட, ஓடிய இடத்தில் இன்னொரு கூட்டம். ஹண்டரின் வளர்ப்புப் பன்றி தனியாக ஒருவனைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. ரோக்கோ நான் எதை அடிக்கிறேனோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடிக்கிறார். முதலில் ஹீல் செய்கிற ப்ரீஸ்ட் செத்தார், அப்புறம் வரிசையாக எல்லோரும். கடைசியில் மோசமான டேங்க் என்ற பட்டம் எனக்கு.

மெதுவாக ஆடுங்கள் என்று சாட்டில் எழுதினால் யாரும் படிப்பதில்லை. எதிரியை என் பக்கம் திருப்புகிற டவுண்ட் 10 விநாடிக்கு ஒருமுறைதான். சிதறி ஓடுகிறவர்களைத் துரத்தியே நேரம் போகிறது. நம்மூரிலிருந்து ஐரோப்பா சர்வர் என்பதால் பிங் (சர்வருக்குப் போய் வரும் தாமதம்) வேறு 150 மில்லிவிநாடிக்கு மேல். இந்த மாதிரி ஆட்களை வைத்துக்கொண்டு எப்படி டேங்க் செய்வது? பேசாமல் டிபிஎஸ்ஸுக்கே, அடிக்க மட்டும் செய்கிற வேலைக்கே, போய்விடலாமா?

பழைய கேடயம்

தம்பி, முதலில் இதைச் சொல். டேலண்ட் பாயிண்டை எந்தப் பிரிவில் போட்டிருக்கிறாய்? கையில் கேடயமா, இரண்டு கைக் கோடரியா? எதிரி தலைக்கு மேல் மார்க் போடுகிறாயா?

கொம்பன்

ஆர்ம்ஸ்தான் அண்ணே, லெவல் ஏற்றுவதற்காக. டாக்டிகல் மாஸ்டரி (ஸ்டான்ஸ் மாற்றும்போது ரேஜ் என்ற சண்டைச் சக்தியைக் காப்பது) ஐந்து பாயிண்டும் இருக்கிறது. டன்ஜனுக்குள் கத்தி, கேடயம், டிஃபென்சிவ் ஸ்டான்ஸ். மார்க்கில், முதலில் கொல்ல வேண்டியவனுக்கு மண்டையோடு மட்டும் போடுவேன், அதையும் யாரும் பார்ப்பதில்லை.

சரவெடி

நான் மேஜ். எங்களைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. எப்போது அடிக்கத் தொடங்கலாம் என்று எந்த டேங்க்கும் சொல்வதில்லை. ‘மெதுவாக’ என்றால் எவ்வளவு மெதுவாக? இரண்டு சண்டர் (எதிரியை டேங்க் பக்கம் கட்டிவைக்கிற அடி) விழுந்த பிறகு அடி என்று சொன்னால் இரண்டு சண்டருக்குக் காத்திருப்பேன். அதையும் மீறி அடிக்கிறவர் இருக்கிறார், இல்லை என்று சொல்லவில்லை.

பழைய கேடயம்

சரவெடி சொல்வது நியாயம். சரி, கொம்பா, உன் அடிப்படை சரியாகத்தான் இருக்கிறது. ஆர்ம்ஸ் டேங்க் என்று யாராவது கேலி செய்தால் கண்டுகொள்ளாதே, இந்த லெவலுக்கு அது போதும். புரொட்டெக்‌ஷனில் டிஃபையன்ஸ் ஐந்து பாயிண்ட் போட்டால் த்ரெட் (மாப் யாரை அடிக்கும் என்பதைத் தீர்மானிக்கிற கணக்கு; மாப் என்றால் எதிரி) இன்னும் 15 சதவீதம் கூடும், டிஃபென்சிவ் ஸ்டான்ஸ் தருகிற 30 சதவீதத்துக்கு மேல். நல்லதுதான். ஆனால் உன் பிரச்சினை அங்கே இல்லை.

கணக்கைப் பார். ஒரு மாப் மேல் உனக்கு 1000 த்ரெட் இருக்கிறது என்று வை. பக்கத்தில் நின்று அடிக்கிறவர் அதைப் பறிக்க 1100-ஐத் தாண்ட வேண்டும். தள்ளி நிற்கிறவர் 1300-ஐத் தாண்ட வேண்டும். ரோக்குக்கோ பிறவியிலேயே த்ரெட் குறைவு, 100 அடித்தால் 71தான் கணக்கில் ஏறும். இவ்வளவு சலுகை உனக்கு இருந்தும் அக்ரோ போகிறது, அதாவது மாப் உன்னை விட்டு அடுத்தவரிடம் போகிறது என்றால், நீ இன்னும் கை வைக்காத மாப்பை அவர்கள் அடிக்கிறார்கள் என்று அர்த்தம். பூஜ்யத்துக்கு மேல் 30 சதவீதம் என்பதும் பூஜ்யம்தானே.

ஹீலர் சாவதும் இதனால்தான். 1000 ஹீல் செய்தால் 500 த்ரெட், அது சண்டையில் இருக்கிற மாப்களுக்குள் சமமாகப் பிரியும். ஐந்து பேர் நின்றால் ஆளுக்கு 100. நீ ஒரு சண்டர் போட்ட மாப் அந்த 100-க்காக உன்னை விட்டுப் போகாது. நீ தொடாத மாப் முதல் ஹீலிலேயே நேராக ப்ரீஸ்ட்டிடம் போகும்.

அதனால் இழுத்தவுடன் ஒருவனையே குத்திக்கொண்டு நிற்காதே. டேப் விசையால் ஆளை மாற்று, ஆளுக்கு ஒரு சண்டர், அப்புறம் மண்டையோட்டுக்கு வா. சண்டரின் த்ரெட் உன் கத்தி எவ்வளவு அடிக்கிறது என்பதைப் பொறுத்தது அல்ல, மட்டமான கத்தியிலும் அதே அளவுதான். ஷீல்ட் பிளாக் போட்டு ஓர் அடியைத் தடுத்தால் ரிவெஞ்ச் திறக்கும், செலவு 5 ரேஜ், கிடைக்கிற த்ரெட்டோ அதிகம். வில்லால் இழுக்கும்போது மாப் ஓடி வருகிற நேரத்தில் பிளட்ரேஜ் போட்டுவிடு: உடனே 10 ரேஜ், அடுத்த 10 விநாடியில் இன்னொரு 10. கதீட்ரலில் சார்ஜ் செய்வதை மற. ஓடிப்போய் நடுவில் நிற்கிற டேங்க்குக்குப் பின்னால் பார்ட்டியும் வந்துவிடும், பிறகு ரோந்து சுற்றுகிறவர்களும் வந்துவிடுவார்கள்.

டவுண்ட் விஷயம். டவுண்ட் உன்னைப் பட்டியலில் முதல் ஆளுக்குச் சமமாக்கும், மூன்று விநாடி உன்னையே அடிக்க வைக்கும். மேஜ் 1300 சேர்த்துப் பறித்துவிட்டார் என்று வை. அப்போது டவுண்ட் போட்டால் உனக்கும் 1300 கிடைக்கும், அவர் மறுபடி பறிக்க 1690 வேண்டும். டவுண்ட் இல்லாமல் சண்டரால் மீட்கப் பார்த்தால் நீ 1430-ஐத் தாண்ட வேண்டும், அதுவும் அவர் அடிப்பதை நிறுத்தினால்தான். ஆகவே ஆரம்பத்திலேயே பழக்க தோஷத்தில் டவுண்டை அழுத்தி வீணாக்காதே. இன்னொன்று, கிளாசிக்கில் டவுண்ட் பக்கத்தில் இருந்தால்தான் எட்டும். மேஜ் உன்னை விட்டு ஓடினால் நீ அவருக்குப் பின்னால் ஓடும் மாப்புக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருப்பாய். ‘மாப் வந்தால் என்னிடம் ஓடி வா’ என்பதை மேக்ரோவாகவே எழுதி வைத்துக்கொள்.

நீ டாரன் அல்லவா? உன் இனத்துக்குரிய வார் ஸ்டாம்ப் த்ரெட் தராது, ஆனால் சுற்றி நிற்கிற ஐந்து பேரை 2 விநாடி நிறுத்தும். 150 பிங்குக்கு அந்த 2 விநாடி பெரிய விஷயம்.

ரணகளம்

இவ்வளவு கணக்கு எதற்கு? யார் இழுத்தாரோ அவரே தாங்கட்டும். மேஜ் பிளிசார்ட் போட்டால் மேஜ் சாகட்டும். ஒருமுறை ஆவியாகி நடந்து வந்தால் புத்தி வரும். ஹீலர் செத்தால் டேங்க் தப்பு, டேங்க் செத்தால் ஹீலர் தப்பு, டிபிஎஸ் செத்தால் அவரவர் தப்பு என்று சும்மாவா சொன்னார்கள்?

மருந்துப்பெட்டி

ரணகளம், நீங்கள் ஹீலர் ஆடியதில்லை என்று தெரிகிறது. மேஜின் ரத்தம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு என் கை சும்மா இருக்காது. நான் அவரைக் காப்பாற்ற ஹீல் போடுவேன், அந்த த்ரெட் எனக்கு ஏறும், மேஜை முடித்துவிட்டு மாப் என்னிடம் வரும். பாடம் மேஜுக்கு, சாவு எனக்கு. டேங்க் இப்படிப் பாடம் நடத்தப் போகிறார் என்றால் முன்கூட்டியே ஹீலரிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் நானும் சேர்ந்து வேடிக்கை பார்க்கத் தயார்.

கொம்பன், ப்ரீஸ்ட் பக்கத்திலிருந்து உங்களுக்கு ஒன்று. சண்டை தொடங்கும் முன்பே டேங்க் மேல் பவர் வேர்ட்: ஷீல்ட் போடுகிற பழக்கம் எங்களில் நிறையப் பேருக்கு உண்டு. நல்லெண்ணம்தான், ஆனால் அது உறிஞ்சுகிற அடிக்கு உங்களுக்கு ரேஜ் வராது. ரேஜ் இல்லாமல் சண்டர் ஏது? தொடக்கத்தில் ஷீல்ட் வேண்டாம் என்று ஒரு வரி சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். அப்புறம் என் மேல் மாப் வந்தால் ஃபேட் (என் த்ரெட்டைக் கொஞ்ச நேரம் குறைப்பது) போட்டுவிட்டு உங்கள் காலடிக்கு ஓடி வருவேன், அந்த நேரத்தில் நீங்கள் வேறு திசையில் ஓடாமல் இருந்தால் போதும். எல்லோரையும் காப்பாற்ற முடியாவிட்டால் என்னைக் காப்பாற்றுங்கள்.

என் மானாவை (மந்திர சக்தி) காட்டுகிற நீலப் பட்டையையும் பார்த்து இழுங்கள். நான் தண்ணீர் குடிக்க உட்கார்ந்திருக்கும்போது அடுத்த கூட்டத்தை இழுக்கிற டேங்க்குகள்தான், டிபிஎஸ் பொறுமையில்லாமல் ஆடுகிறார்கள் என்று அதிகம் புலம்புவார்கள்.

வெளியூர்க்காரன்

ஃபைனல் ஃபேன்டஸி 14-க்கு வந்துவிடுங்கள் ப்ரோ. அங்கே டேங்க் ஸ்டான்ஸை ஆன் செய்து சுற்றி ஓர் அடி அடித்தால் போதும், அக்ரோ போவதே அபூர்வம். 2019-இல் ஷேடோபிரிங்கர்ஸ் வந்தபோது ஸ்டான்ஸால் அடி குறைகிற தண்டனையையும் எடுத்துவிட்டார்கள்.

பழைய கேடயம்

அங்கே பிரச்சினையே வேறு. டேங்க் மெதுவாக இழுத்தால் டிபிஎஸ் முன்னால் ஓடி இழுக்கும், டேங்க் கோபித்துக்கொண்டு எடுக்க மாட்டார். ஆட்கள் எங்கேயும் ஆட்கள்தான்.

கொம்பா, பார்ட்டி ஆட்களைக் கையாளுவது பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அடுத்தவர் அமைத்த பார்ட்டியில் சேராதே, நீயே அமை. டேங்க்குக்குத் தட்டுப்பாடு எப்போதும் உண்டு, டேங்க் கூப்பிட்டால் ஆள் வந்துவிடும். லீடர் நீ என்றால் மார்க், லூட், வெளியேற்றுவது எல்லாம் உன் கையில். கிளாசிக்கில் ஓட்டுப் போட்டு வெளியேற்றுகிற ஏற்பாடெல்லாம் கிடையாது, லீடர் நீக்கினால் நீங்கினார். கதீட்ரலில் இது உனக்குச் சாதகம், நீ ஹோர்ட் அணி. மொனாஸ்டரி இருப்பது டிரிஸ்ஃபாலில், உங்கள் அணி நகரமான அண்டர்சிட்டி பக்கம்தான். ஆர்கிரிமாரிலிருந்தும் செப்பலின் இருக்கிறது. மாற்று ஆள் நடந்தே வந்தாலும் அதிக நேரம் ஆகாது. எதிரணியான அலையன்ஸ்காரன் ஒருவரை நீக்கிவிட்டு அடுத்தவரை அவ்வளவு தூரம் நடத்திக் கூட்டி வர வேண்டும், அதனால் சகித்துக்கொள்வான்.

ஆனால் நீக்குவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுத்துப் பார். சும்மா ‘பொறுங்கள்’ என்றால் பொறுக்க மாட்டார்கள். ரத்தம் குறைந்ததும் ஸ்கார்லெட் ஆட்கள் ஓடிப்போய் அடுத்த கூட்டத்தைக் கூட்டி வருவார்கள். ஓடுகிறவனை மெதுவாக்குகிற உன் ஹாம்ஸ்ட்ரிங் டிஃபென்சிவ் ஸ்டான்ஸில் வேலை செய்யாது. ஆகவே ஓடுகிறவனை நிறுத்துவது ஹண்டரின் வேலை, கன்கஸிவ் ஷாட். ஆபட் என்று ஒருவன் நின்று ஹீல் போடுவான், அவனைக் கிக் செய்து ஹீலை நிறுத்துவது ரோக் வேலை. மேஜுக்கு நிலா மார்க் போட்டுக் கொடு, ஆட்டுக்குட்டி ஆக்கட்டும். தான் செய்த ஆட்டுக்குட்டியைத் தானே பிளிசார்டில் எழுப்ப யாருக்கும் மனசு வராது. அடிக்கடி எழுப்பினால் அவரை நீக்கிவிடு, யோசிக்காதே. மார்க்கைக் கிளிக் செய்து போடாதே, கீபைண்டிங்கில் விசை வைத்தால் ஓடுகிற ஓட்டத்திலேயே போடலாம்.

ஹண்டர் பன்றி க்ரவுலில் (மாப்பைத் தன் பக்கம் இழுக்கிற உறுமல்) இருக்கிறது. பெட் பாரில் அந்த ஐகானை வலது கிளிக் செய்து ஆட்டோவை அணைக்கச் சொல். பாதிப் பேருக்கு அது ஆனில் இருப்பதே தெரியாது.

சரவெடி

மேஜ்கள் சார்பில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஃப்ராஸ்ட் நோவா (சுற்றி நிற்கிறவர்களின் காலை உறைய வைப்பது) போட்டுவிட்டு அங்கேயே நிற்கிற மேஜைப் பார்த்தால் எச்சரிக்கையாக இருங்கள். கால் கட்டப்பட்ட மாப் த்ரெட்டில் முதல் ஆள் எட்டவில்லை என்றால் பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவரை அடிக்கும். அங்கே உங்கள் சண்டர் எதுவும் எடுபடாது. ‘நோவா போட்டால் தள்ளிப் போ’ என்று சொல்லி வையுங்கள். தன்னைச் சுற்றி அடிக்கிற ஆர்கேன் எக்ஸ்ப்ளோஷன் ஆசாமிகளுக்கும் 1300 சலுகை இல்லை, பக்கத்தில் வந்துவிட்டால் 1100தான்.

கொம்பன்

எல்லோருக்கும் நன்றி. இன்று நானே பார்ட்டி அமைத்தேன். உள்ளே நுழையும் முன்பே மூன்று வரி: இரண்டு சண்டருக்குப் பிறகு அடி, மாப் வந்தால் என்னிடம் ஓடி வா, தொடக்கத்தில் ஷீல்ட் வேண்டாம். ஹண்டர் க்ரவுலை அணைத்துவிட்டு, ‘ஓ, இதுவா’ என்றார். ரோக் மட்டும் கடைசிவரை தன் இஷ்டத்துக்குத்தான் ஆடினார். ஆனால் ஆபட்டை ஒழுங்காகக் கிக் செய்ததால் விட்டுவிட்டேன். முற்றத்தில் வைப் (எல்லோரும் சாவது) ஆகவில்லை.

ஆனால் உள்ளே பாஸ் மோக்ரெய்னை இழுத்ததும் எங்கிருந்தோ மொத்தப் பேரும் வந்துவிட்டார்கள். அது எப்படி?

மருந்துப்பெட்டி

கதீட்ரலுக்குள் மிச்சம் வைத்தவர்கள் எல்லோரும் அவர் உதவிக்கு வருவார்கள். நடு வரிசையை மட்டும் முடித்துவிட்டு மோக்ரெய்னிடம் போகச் சொல்லி யாராவது அவசரப்படுத்தியிருப்பார்கள். பக்க அறைகள் உட்பட எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் அவரைத் தொட வேண்டும்.

பழைய கேடயம்

அதோடு வைட்மேனையும் நினைவில் வை. மோக்ரெய்ன் விழுந்ததும் அந்தம்மா வருவார். பாதி ரத்தத்தில் எல்லோரையும் தூங்க வைத்துவிட்டு அவரை எழுப்பிவிடுவார். விழித்ததும் யார் யாரை அடிப்பார்கள் என்று சொல்ல முடியாது. டவுண்டை அந்த நேரத்துக்கென்று வைத்துக்கொள், எழுந்த மோக்ரெய்ன் மேல் போடு. வைட்மேன் மேல் மண்டையோடு போட்டு எல்லோரையும் அவரிடம் திருப்பு, ஹீல் போட விடாமல் ரோக் கிக் செய்யட்டும். மோக்ரெய்னிடம் ஒரு கேடயம் விழும், ஏஜிஸ் ஆஃப் தி ஸ்கார்லெட் கமாண்டர். பார்ட்டியில் ஷாமன் இருந்தால் அவரும் கேடயம் பிடிப்பார், அது யாருக்கு என்று உள்ளே போகும் முன்பே பேசிவிடு.