நான்-லீக் கால்பந்து மைதானங்களில் நீங்கள் சந்தித்த மனிதர்கள்: அனுபவங்களைப் பகிருங்கள்

கேம்பர்வெல்வாசி

லண்டனில் நம்மவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஆர்சனலா செல்சியா என்ற சண்டை வந்துவிடும். அந்த மைதானங்களுக்குள் போய் ஆட்டம் பார்த்தவர்களை மட்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம். டிக்கெட் விலை அப்படி, கிடைப்பதும் அப்படி. அதே ஊரில், பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில், சனிக்கிழமை மூன்று மணிக்கு நல்ல கால்பந்து நடக்கிறது. பிரீமியர் லீக்கும் அதற்கு அடுத்த மூன்று பிரிவுகளும் சேர்ந்தால் 92 கழகங்கள். அதற்குக் கீழே உள்ள அத்தனையும் நான்-லீக். நான் அங்கே போவதில் பாதி ஆட்டத்துக்காக, பாதி அங்கே பேசக் கிடைக்கும் ஆட்களுக்காக. என் அனுபவத்தை முதலில் வைக்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

என் கழகம் டல்விச் ஹாம்லெட். 1893-இல் தொடங்கியது. சட்டை ரோஸும் கருநீலமும். ஈஸ்ட் டல்விச் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் சாம்பியன் ஹில் மைதானம், ஒட்டினாற்போல் ஒரு செயின்ஸ்பரி சூப்பர் மார்க்கெட். மைதானத்துக்குப் போகும் பாதையில் ‘எட்கர் கெய்ல் வே’ என்று பெயர்ப்பலகை இருக்கும். அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய், ஆட்ட விவரப் புத்தகமான புரோகிராமை விற்றுக்கொண்டிருந்த பெரியவரிடம் யார் இவர் என்று கேட்டேன். விற்பனையை அப்படியே நிறுத்திவிட்டார்.

கெய்ல் 1919-இலிருந்து 1933 வரை இங்கே ஆடியவர். நானூறுக்கும் மேல் கோல். பெரிய கழகங்கள் கூப்பிட்டும் போகவில்லை, கடைசிவரை சம்பளம் வாங்காத அமெச்சூராகவே இருந்தார். 1929-இல் இங்கிலாந்துக்காக மூன்று ஆட்டம் ஆடினார். பிரான்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல். பெரியவர் இதையெல்லாம் அடுத்த வீட்டுப் பையன் முதல் மார்க் வாங்கியதைச் சொல்வதுபோல் சொன்னார். அவர் பிறப்பதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்ட ஆட்டக்காரர்! அன்று கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற கல்லூரிப் பிள்ளைகள் எட்கர் கெய்ல் பெயரைச் சொல்லித்தான் பாடினார்கள். பெரியவர் அங்கிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அந்தக் கோல் கம்பக் கூட்டத்துக்கு ‘ராபிள்’ என்று பெயர். நம் அணி எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தக் கம்பத்துக்குப் பின்னால்தான் நிற்பார்கள். இடைவேளை விசில் ஊதியதும் எல்லாரும் எதிர்ப்பக்கம் கிளம்புவார்கள். கொடி, கையில் பீர், தள்ளுவண்டியில் குழந்தை, கயிற்றில் நாய், எல்லாம் சேர்ந்து ஒரு ஊர்வலம். எதிரணி ரசிகர்களும் இதே காரணத்துக்காக எதிர்த் திசையில் வருவார்கள். நடுவில் அந்தக் குறுகலான சிமெண்டு நடைபாதையில் இரண்டு கூட்டமும் தோள் உரசிக் கடக்கும். போலீஸ் இல்லை, தடுப்பு இல்லை. மேல்பிரிவுகளில் மைதானம் தெரிகிற இடத்தில் நின்று மது குடிக்க 1985-ஆம் ஆண்டுச் சட்டம் விடாது, இரண்டு அணி ரசிகர்களையும் சேர்த்து நிற்கவும் விடமாட்டார்கள். இங்கே இரண்டும் உண்டு, நான் பார்த்தவரை வம்பு எதுவும் வந்ததில்லை.

அந்த நடைபாதையில்தான் ஒரு அம்மாளைச் சந்தித்தேன். எதிரணி மப்ளர் போட்டிருந்தார், எழுபது வயதிருக்கும். எந்த ஊர் என்றார். திருநெல்வேலி என்று சொல்லி எங்கே இருக்கிறது என்றும் விளக்கினேன். தன் கணவரோடு வெளியூர் ஆட்டங்களுக்குப் போவது வழக்கம் என்றும், அவர் போனபிறகும் டிக்கெட்டை விடவில்லை என்றும் சொன்னார். “இங்கே வந்தால் யாராவது பேசுவார்கள்” என்றார். எங்களைச் சுற்றிக் கூட்டம் நகர்ந்துகொண்டே இருந்தது. இரண்டாம் பாதி தொடங்கிய பிறகும் பேசிக்கொண்டிருந்தோம். அவர்கள் அணிதான் ஜெயித்தது, எனக்கு வருத்தமே வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு வெளியூர் ஆட்டத்தில் ஒருவன் எங்கள் ஆட்டக்காரர் ஒருவரின் நிறத்தைச் சொல்லிக் கத்தினான். நான் திரும்புவதற்குள் என் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் மைதானக் காவல் ஊழியரிடம் போய்விட்டார்கள், அவனை வெளியே அனுப்பும்வரை அங்கிருந்து நகரவில்லை. எல்லா மைதானமும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. டல்விச் கூட்டம் இதில் உறுதியாக இருப்பது தற்செயலும் அல்ல. ஓரினச்சேர்க்கையாளர்களின் கழகமான ஸ்டோன்வாலை 2015-இலேயே அழைத்து நட்பு ஆட்டம் ஆடியவர்கள் இவர்கள். ஹாம்பர்க்கில் அதே 1893-இல் தொடங்கிய அல்டோனா 93 கழகத்து ரசிகர்களோடு இவர்களுக்கு நெடுநாள் சிநேகம். அவர்கள் இங்கே வருவார்கள், இவர்கள் அங்கே போவார்கள்.

2018 மார்ச்சில் நில உரிமையாளர் தரப்போடு தகராறு முற்றி, கழகம் சாம்பியன் ஹில்லை விட்டே வெளியேற வேண்டி வந்தது. கழகத்தின் பெயரையும் யாரோ வணிக முத்திரையாகப் பதிவு செய்துகொண்டு, இனி அதைப் பயன்படுத்தாதே என்று கடிதம் அனுப்பினார்கள். நூற்று இருபத்தைந்து வருடப் பெயர்! ரசிகர்கள் தெருவில் ஊர்வலம் போனார்கள். நானும் போனேன். அந்தப் பருவத்தின் மிச்ச ஆட்டங்கள் டூட்டிங் அண்ட் மிட்சம் யுனைட்டட் மைதானத்தில் நடந்தன. அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது இங்கே உண்டா?

மிட்சம் அக்கா

தம்பி, நாங்கள் அந்த மைதானத்துக்குக் கிட்டத்தான் இருக்கிறம். உங்கட ஆக்கள் 2018இல ரோஸ் மப்ளரோட பஸ்ஸில வந்து இறங்கினது எனக்கு நல்ல ஞாபகம். அதுவரைக்கும் எங்கட பக்கம் ஆட்டத்துக்கு இவ்வளவு சனத்தை நான் கண்டதில்லை. மே மாதம் ஹெண்டனோட இறுதி ஆட்டம், பெனால்டியில டல்விச் வெண்டு மேல் பிரிவுக்குப் போனது. மகன் கேட்டதால அவனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தன். முன்பின் தெரியாத ஒரு பெடியன் எங்கட பிள்ளையைத் தூக்கித் தோளில வச்சுக்கொண்டு துள்ளினவன்.

ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியது எங்கட கழகத்தைப் பற்றி. கறுப்பும் வெள்ளையும் கோடு போட்ட சட்டை. மகனை முதன்முதலாக் கூட்டிக்கொண்டு போன நாள் சரியான குளிர். தேத்தண்ணிக் கடையில நிண்ட மனுசி என்ர கையைப் பார்த்திட்டு, காசு பிறகு தா, முதல் இதைப் பிடி எண்டு கோப்பையைத் தந்தவ. பெரிய கொதிகலத்தில இருந்து வாற கடும் தேத்தண்ணி, பால் கொஞ்சமாத்தான். கையில பிடிச்சாலே உயிர் வரும். அவவுக்கு அங்க சம்பளம் இல்லை. வாசலில டிக்கெட் கிழிக்கிறவர், கோடு போடுறவர், உடுப்புத் தோய்க்கிறவர் எல்லாரும் அப்பிடித்தான். ஒருநாள் கடையில ஆள் காணாமல் தவிச்சவ, வெங்காயம் வெட்டித் தருவியா எண்டு கேட்டா. வெட்டிக் குடுத்தன். இப்ப கடையில ஆள் குறைஞ்சால் எனக்குத்தான் முதல் போன் வரும். போன வருசம் மட்டன் ரோல்ஸ் செய்து கொண்டு போனன், இடைவேளைக்கு முன்னமே முடிஞ்சுது.

அந்தக் கடைக்கு முன்னால எப்பவும் நிக்கிற ஒரு ஐயா 1959ஆம் ஆண்டுக் கதை சொல்லுவார். சின்னது பெரிசு எண்டில்லாமல் கழகங்கள் மோதுற எஃப்.ஏ. கோப்பை, மூன்றாம் சுற்று, எங்கட பழைய சாண்டி லேன் மைதானம், பெரிய கழகமான நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் வருகினம். நிலம் ஐஸாய் உறைஞ்சு கிடக்கு. இடைவேளைக்கு எங்கட ஆக்கள் ரெண்டுக்குச் சைபர் முன்னிலை! பிறகு சொந்தக் கோல் ஒண்டு, பெனால்டி ஒண்டு, ரெண்டுக்கு ரெண்டு. மறு ஆட்டத்தில தோற்றுப் போச்சினம். ஃபொரஸ்ட் அந்த வருசம் கோப்பையையே வெண்டவை. அப்ப அவர் சின்னப் பெடியன், தகப்பன்ர தோளில இருந்து பார்த்தவராம். சொந்தக் கோல் வந்த இடத்துக்கு வரேக்க இப்பவும் அவருக்குக் குரல் உயரும்.

2018இல இன்னொண்டும் நடந்தது. ஃபிஃபாவில சேராத அணிகளுக்கான கொனிஃபா உலகக் கோப்பை லண்டனில, இப்பிடியான நான்-லீக் மைதானங்களிலதான். பரவா, எல்லன் வனின், கஸ்காடியா எண்ட அணிகளோட ஒரே குழுவில தமிழீழ அணியும் ஆடினது. அதைப் பார்க்கப் போன ஆக்கள் எழுதுங்கோ.

இல்ஃபோர்ட் தம்பி

அக்கா சொன்ன ஐயா மாதிரி ஒருவரை நானும் சந்தித்தேன். எசெக்ஸ் பக்கம் ஒரு சின்னக் கழகத்தின் ஆட்டம், பார்க்க வந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. என் பக்கத்தில் ஒருவர் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். இப்படி மைதானம் மைதானமாகப் போய்க் குறித்துவைப்பவர்கள் இங்கே நிறைய உண்டு, கிரவுண்ட்ஹாப்பர் என்பார்கள். நான் இந்தியன் என்றதும் நோட்டை மூடினார். இந்தியா ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஆடியது இல்ஃபோர்டில்தான் என்று தெரியுமா என்றார்.

1948, லின் ரோடு மைதானம். அப்போது அது இல்ஃபோர்ட் அமெச்சூர் கழகத்தின் சொந்த இடம். எதிரணி பிரான்ஸ். நம்மவர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் போடவில்லை. சிலர் வெறுங்கால், சிலர் சாக்ஸ் மட்டும். கிடைத்த இரண்டு பெனால்டியும் வீணாகி, 2-1 என்று தோற்றார்கள். நம் ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அந்த ஆங்கிலேயர் வாயில் ‘சாரங்கபாணி’ தட்டுத்தடுமாறி வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் லின் ரோட்டுக்கு நடந்து போனேன். இப்போது அங்கே வீடுகள்தான். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்துவிட்டு வந்தேன். நம் பிள்ளைகள் இத்தனை பேர் இந்தப் பக்கம் வளர்கிறார்கள், ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

கேம்பர்வெல்வாசி

தம்பி, அதே ஒலிம்பிக்கில் எங்கள் பழைய சாம்பியன் ஹில்லிலும் ஓர் ஆட்டம் நடந்தது. தென்கொரியா 5, மெக்சிகோ 3. இப்போதுள்ள மைதானம் 1992-இல் கட்டியது.

அக்கா, உங்கள் தேத்தண்ணிக் கடைக்கு அடுத்த முறை கட்டாயம் வருகிறேன், ரோல்ஸ் எடுத்து வையுங்கள். நாங்கள் 2018 டிசம்பரிலேயே சாம்பியன் ஹில்லுக்குத் திரும்பிவிட்டோம். இன்று சில ஆட்டங்களுக்குக் கூட்டம் மூவாயிரத்தைத் தாண்டும். 2023-இல் ஒரு பிரிவு கீழே இறங்கிய பிறகும் ஆட்கள் விட்டுப்போகவில்லை.

தனிச்செய்தியில் சிலர் குழந்தைகளைக் கூட்டி வரலாமா என்று கேட்டிருந்தார்கள். தாராளமாக வரலாம். நிற்கும் இடம் வெறும் சிமெண்டு, நவம்பருக்குப் பிறகு குளிர் உள்ளங்கால் வழியாக ஏறும், இரண்டு சாக்ஸ் போட்டு விடுங்கள். முதல் தடவை வருகிறவர்களுக்கு நான்-லீக் டே நல்ல நாள். தேசிய அணிகளின் ஆட்டங்களுக்காகப் பிரீமியர் லீக் ஓய்ந்திருக்கும் ஒரு சனிக்கிழமையில் 2010 முதல் இதை நடத்துகிறார்கள். இந்த முறை நான் சாம்பியன் ஹில்லில், செயின்ஸ்பரி பக்கத்து வாசலில் இரண்டு மணிக்கு நிற்பேன்.