ஐந்து இயந்திரங்களும் ஒரு நடுவிரலும்: இடைத்தேர்தல் அனுபவங்கள்

காவிரிக்கரை:

2023 பிப்ரவரி 27 அன்று ஈரோடு கிழக்குத் தொகுதியில் ஒரு வாக்குச்சாவடிக்குத் தலைமை அலுவலராக இருந்தேன். பள்ளி ஆசிரியை என்பதால் தேர்தல் பணி எனக்குப் புதிதல்ல. ஆனாலும் அந்த இடைத்தேர்தலைப் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை. சட்டமன்ற உறுப்பினர் திருமகன் ஈவெரா ஜனவரி 4 அன்று காலமானார். எட்டு வாரம் முடிவதற்குள் வாக்குப்பதிவு. களத்தில் 77 வேட்பாளர்கள்.

ஓர் இயந்திரத்தில் 16 பெயர்களுக்குத்தான் இடம் உண்டு. நோட்டாவையும் சேர்த்தால் 78. ஆக, சாவடிக்கு ஐந்து இயந்திரங்கள்! முந்தின நாள் மாலை அவற்றை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வகுப்பறை மேசையில் மூன்றுதான் அடங்கின. இன்னொரு மேசையை இழுத்து ஒட்டிப் போட்டால் உயரம் ஒத்துவரவில்லை. எங்கள் மூன்றாம் அலுவலர் வெளியே போய்ச் செங்கல் பொறுக்கி வந்து, மேசைக் கால்களுக்கு அடியில் கொடுத்துச் சமன் செய்தார்.

அதிகாலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 வாக்குகள் போட வேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் ஒன்றாவது விழ வேண்டும் என்பது விதி. எங்களுக்கு அது 78க்குக் குறையாது. ஒவ்வொரு முறையும், வாக்கு யாருக்கு விழுந்தது என்று காட்டும் ஒப்புகைச்சீட்டு ஏழு விநாடி கண்ணாடிக்குப் பின்னால் நின்று, பிறகு உள்ளே விழும். வேட்பாளர்களின் முகவர்கள் தூக்கக் கலக்கத்தோடு ஒன்று விடாமல் குறித்துக்கொண்டார்கள். கணக்கு ஒத்து வந்ததும் அந்த வாக்குகளை அழித்துவிட்டு, சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டு முத்திரை வைத்தோம். ஏழு மணிக்கு இன்னும் சில நிமிடங்களே இருந்தன. வாசலில் வரிசை நின்றுகொண்டிருந்தது.

பத்து மணி இருக்கும். எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வாக்களிக்கும் மறைப்புக்குள் போனார். வெகுநேரமாகியும் பீப் ஒலி வரவில்லை. பிறகு தலையை நீட்டி, "அம்மணி, என் சின்னம் எந்தப் பெட்டியில் இருக்கிறது?" என்று கேட்டார். எனக்குப் பகீரென்றது. மறைப்புக்குள் நான் போகக் கூடாது. இன்னும் ஒரு வார்த்தை பேசினால், எந்தச் சின்னம் என்பதை அத்தனை முகவர்கள் நடுவில் அவரே சொல்லிவிடுவார்.

இடைத்தேர்தலில் பணி செய்தவர்கள், வாக்களித்தவர்கள் நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

ஜவுளிச்சந்தை:

அதே தேர்தல்தான் அம்மா. நான் துணி வியாபாரி. கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் சரக்கு எடுக்க வருகிறவர்கள் ரொக்கத்தோடுதான் வருவார்கள். நடத்தை விதி வந்துவிட்டால், 50,000 ரூபாய்க்கு மேல் கையில் இருந்தால் ஆவணம் கேட்பார்கள். சந்தை வெறிச்சோடிவிட்டது. நானே விசைத்தறிக்காரருக்குக் கொடுக்க வேண்டிய 1,40,000 ரூபாயோடு பறக்கும் படையிடம் நின்றேன். பில் புத்தகம் கடையில் இருந்தது. பணத்தை எண்ணுவதை வீடியோ எடுத்து, ரசீது கொடுத்தார்கள். கணக்கைக் காட்டியபின் பணம் திரும்பி வந்தது. அவர்கள் மீது எனக்குக் குறை இல்லை. ஆனால் தேதி அறிவிக்கும் அன்றே சந்தைக்கு வந்து, எந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தால் பல சிறு வியாபாரிகள் ஒரு மாத வருமானத்தை இழந்திருக்க மாட்டார்கள்.

தொண்டியார்பேட்டை வாசி:

ஆர்.கே. நகர் வாக்காளர்கள் பட்ட பாடு வேறு வகை. ஜெயலலிதா மறைந்தது 2016 டிசம்பர் 5. காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு சொல்கிறது. மீதிப் பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவு என்றால் விலக்கு உண்டு. தேர்தல் நடத்துவது கடினம் என்று ஆணையம் மத்திய அரசோடு கலந்து சான்றளித்தாலும் விலக்கு உண்டு. எங்களுக்கு 2017 ஏப்ரல் 12 என்று நாள் குறித்தார்கள். பணப் பட்டுவாடா காரணமாக, வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஆணையம் தேர்தலை ரத்து செய்தது.

எங்கள் வீட்டுக் கதவையும் தட்டினார்கள். எந்தத் தரப்பு என்று எழுதப்போவதில்லை. என் மாமியார் தாழ்ப்பாளைத் திறக்கவே இல்லை. உள்ளே இருந்தபடியே "வேண்டாம், போங்கள்" என்றார். ரத்து செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் கதவைத் திறக்காதவர்களும் சேர்ந்துதானே எட்டு மாதம் கூடுதலாகக் காத்திருந்தோம்? மழைக்காலத்தில் தெருவில் கழிவுநீர் பொங்கியபோது, எங்கள் தொகுதிக்கு உறுப்பினர் என்று மனு கொடுக்க ஒருவர் இல்லை. டிசம்பர் 21 அன்று 59 வேட்பாளர்கள், நான்கு இயந்திரங்கள். குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நாற்காலி ஓராண்டுக்கு மேல் காலியாகக் கிடந்தது.

கரும்புக்கொல்லை:

2024 ஜூலை 10, விக்கிரவாண்டி. உறுப்பினர் புகழேந்தி ஏப்ரல் 6 அன்று இறந்துவிட்டார். மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 19. அதோடு சேர்த்து நடத்த வழியில்லாததால், அதே ஊர் அதே ஆண்டில் இரண்டாவது முறை வரிசையில் நின்றது. நான் இரண்டாம் அலுவலர். பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதும் மை வைப்பதும் என் வேலை.

ஏப்ரலில் வைத்த மை பலருக்கு இன்னும் போகவில்லை. 82 நாளில் நகம் வளர்ந்து, அடியில் வெள்ளையும் மேலே பழுப்புக் கோடுமாக இருந்தது. அதனால் இந்த முறை இடது கை நடுவிரலில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். நீட்டியவர்கள் எல்லோரும் பழக்கத்தில் ஆள்காட்டி விரலையே நீட்டினார்கள். மடக்கி, நடுவிரலைப் பிடித்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து, நகமும் தோலும் சேரும் இடத்தில் கோடு இழுப்பேன். களையெடுத்துவிட்டு நேரே வந்த ஓர் அக்காவின் விரலில் சேறு காய்ந்திருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் கழுவிக்கொண்டு வந்து, "இப்போது வையுங்கள், நன்றாகப் பிடிக்கட்டும்" என்றார். அன்று வாக்குப்பதிவு 82 விழுக்காட்டைத் தாண்டியது. கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். நகரங்களில் விடுமுறை விட்டும் வராதவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

புதுவாக்காளர்:

காவிரிக்கரை அம்மா, அந்தப் பெரியவர் கடைசியில் என்ன செய்தார்? வேறு யாராவது உடன் போய்க் காட்டியிருக்கலாம் அல்லவா?

காவிரிக்கரை:

பார்வையற்றவருக்கும் உடல் தளர்ந்து பொத்தானை அழுத்த இயலாதவருக்கும் துணைக்கு ஒருவரை அனுமதிப்போம் தம்பி. துணை வருபவர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். இவர் நன்றாகப் படிக்கிறவர். பெட்டிகளின் எண்ணிக்கைதான் அவரை மலைக்க வைத்துவிட்டது.

"ஐயா, சின்னத்தைச் சொல்லிவிடாதீர்கள்!" என்று முதலில் தடுத்தேன். பயிற்சிக்குக் கொடுத்திருந்த அட்டை மாதிரியை என் இடத்திலிருந்தே தூக்கிக் காட்டினேன். இடக்கோடியில் உள்ள பெட்டியில் தொடங்குங்கள், மேலிருந்து கீழே விரலை வைத்துக்கொண்டே வாருங்கள், அது முடிந்தால் அடுத்த பெட்டி, யாரும் அவசரப்படுத்த மாட்டோம் என்றேன். வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. வாசலில் நின்ற காவலர் கையமர்த்தினார். மறைப்புக்கு அடியில் அவருடைய செருப்பு ஓர் அடி வலப்பக்கம் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. அப்புறம்தான் பீப் ஒலி.

வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கண்டுபிடித்துவிட்டேன் அம்மணி, அது வந்து..." என்று தொடங்கினார். நான் உதட்டில் விரலை வைத்தேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

மாலையில் இயந்திரம் காட்டிய மொத்தமும் வாக்காளர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டின் கடைசி எண்ணும் ஒன்றாக இருந்தன. அதை வாக்குக் கணக்குக்கான 17சி படிவத்தில் எழுதி, முகவர்களுக்கு ஆளுக்கொரு நகல் கொடுத்தேன். பதிவேட்டை உறையில் இடும் முன் பத்து மணிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவருடைய கையெழுத்து கட்டத்தைத் தாண்டி அடுத்த வரிக்குள் நீண்டிருந்தது.