மாடியில் சோலார், தொழுவத்தில் கேஸ்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

ஒத்தக்கடைக்காரன்:

போன பங்குனியில் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். ஒரு கிலோவாட்டுக்கு நல்ல வெயிலில் நாளுக்கு 4 யூனிட், ஆக 12 என்று கணக்கு. ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய சூர்யா கர் திட்டத்தில் மானியம் 78,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வந்துவிட்டது. 3 கிலோவாட்டுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் வீட்டுக்கு மானியம் அதே தொகைதான், அதனால் அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

முதல் மாதமே 12 யூனிட் வரவில்லை. மூன்று மணிக்கு மாடியில் போய் நின்று பார்த்தால், பக்கத்து வீட்டு முருங்கையின் நிழல் கடைசி பேனலில் ஜம்மென்று படுத்திருக்கிறது. ஒரு பேனலில் நிழல் விழுந்தால் அந்த வரிசையே சோம்பிப் போகுமாம். மாட்டியவர் காலையில் வந்து அளந்துவிட்டுப் போனார், சாயங்கால வெயிலைப் பற்றி வாயே திறக்கவில்லை. பசுமை மின்சாரத்துக்காக மரத்தை வெட்டச் சொல்ல எனக்கே கூச்சம். தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டேன். அந்த வீட்டுப் பாட்டி, "வருஷா வருஷம் கழிச்சு விட்டாத்தான்டா முருங்கை காய்க்கும். ஆள் கூலி நீ குடு" என்றார். முடிந்தது.

அடுத்த கூத்து, பராமரிப்புக்காகப் பகலில் கரண்டை நிறுத்திய அன்று. தெருவே கரண்ட் இல்லாமல் இருக்க நம் வீட்டில் மட்டும் ஃபேன் ஓடும் என்று பெருமை பேசி வைத்திருந்தேன். ஓடவில்லை. பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்த சோலார், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைன்மேனிடம் புலம்பினேன். "நீங்க கரண்ட் அனுப்பிட்டு இருந்தா, கம்பத்துல ஏறுற என் கதி என்ன சார்?" என்றார். அதற்கப்புறம் அதைப் பற்றி யாரிடமும் குறை சொல்வதில்லை.

மூன்றாம் மாடி:

மடிப்பாக்கம், 24 வீடு கொண்ட அடுக்ககம். எங்கள் கதை வேறு மாதிரி. மாடி யாருக்குச் சொந்தம் என்பதிலேயே இரண்டு கூட்டம் போனது. தனி வீடுகளுக்கு வேண்டாம், பொது இணைப்புக்கு மட்டும் போடுவோம் என்று ஒருவழியாக முடிவு செய்தோம். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. அந்த இணைப்புக்கு வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் கிடையாது, கட்டணமும் கூடுதல். குடியிருப்புச் சங்கம் பொதுப் பயன்பாட்டுக்குப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு.

எல்லாம் கூடி வரும்போது முதல் மாடி மாமி எழுந்து, "அப்போ வடாம் எங்கே காயப்போடறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கூட்டத்திலேயே உருப்படியான கேள்வி அதுதான். கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி போய்விடும் என்றால் 24 வீட்டுத் துணி எங்கே காயும்? கடைசியில் இரும்புக் கால்களை உயர்த்தி, பந்தல் மாதிரி போட்டோம். செலவு கூடியது உண்மை. இப்போது கொடி பந்தலுக்குக் கீழே, வடாம் வெளியே. நாங்கள் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் மாமியைப் பேச விட்டதுதான்.

வாடகை வீடு:

எங்களுக்கு ஏது மாடி? நான் செய்தது இரண்டே இரண்டு. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்ற, கரண்டை மிச்சப்படுத்தும் புது வகை ஃபேன் 30 வாட் சொச்சம். மூன்று வாங்கினேன், வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போய்விடலாம். அப்புறம் மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் மூன்றையும் நண்பகலுக்கு மாற்றினேன். பகலில் ஊரில் சோலார் மின்சாரம் தாராளமாக இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு நாம் போடும் சுவிட்சுக்குத்தான் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் கூடுதலாக நிலக்கரி எரிய வேண்டும். வேலைக்குப் போகிற வீட்டில் இது முழுதாக நடக்காது. எங்கள் வீட்டிலேயே ஞாயிறு, புதன்தான் நடக்கிறது.

கோபிக்காரன்:

எங்களுக்கு அஞ்சு மாடு. 2 கன மீட்டர் கோபர் கேஸ் கலன் போட்டோம். தினமும் 50 கிலோ சாணி, அதே அளவு தண்ணீர். அம்மாவிடம் சொன்னதும், "சாணியில எரியற நெருப்புல சோறாக்கோணுமா கண்ணு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் முதலில் தண்ணீரைக் குறைத்துக் கரைத்துத் தொலைத்தேன். கரைசல் கட்டியாகி, கேஸே வரவில்லை. அம்மாதான் ஒரு நாள் வந்து பார்த்து, "தோசை மாவு பதத்துக்குக் கரைக்கோணும்" என்று கையை விட்டுக் காட்டினார். அன்றிலிருந்து கலன் அவர் பொறுப்பு, என்னைக் கிட்டவே விடுவதில்லை. மார்கழிக் குளிரில் கேஸ் குறையும், அப்போது சிலிண்டர்தான். வெளியே வரும் கழிவு தென்னைக்குப் போகிறது.

பயணி:

மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006இல் சொந்தக் காற்றாலை வாங்கியது என்று படித்துவிட்டுப் பார்க்கப் போனேன். 350 கிலோவாட், விலை 1.55 கோடி. ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து வாங்கியது. ஊர் முழுக்கத் தேடினேன், இறக்கையைக் கூடக் காணோம். டீக்கடையில் விசாரித்தால், "இங்க எங்கீங்க காத்து? அது உடுமலைப் பக்கமில்ல நிக்குது!" காற்று வீசும் இடத்தில் நிறுத்தி, ஊர்த் தேவைக்கு மேல் கிடைப்பதை மின்வாரியத்துக்கு விற்றார்கள். மாடி இல்லை, நிழல் விழுகிறது என்பவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் இந்த வழியைப் பற்றிப் பேசலாமே.

ஒத்தக்கடைக்காரன்:

மூன்றாம் மாடி, பந்தல் எத்தனை அடி உயரம்? என் தம்பி வீட்டுக்குக் கேட்கிறேன்.

மூன்றாம் மாடி:

ஏழு அடி. எட்டு வைக்கச் சொல்லுங்கள். ஓரத்துக் குறுக்குக் கம்பியில் இரண்டு முறை தலையை இடித்துக்கொண்டேன்.