ட்வைஸ் பாட்டு இப்போதெல்லாம் மெலோன் சார்ட்டில் நிற்பதே இல்லையே, இனி அவ்வளவுதானா?

முதுநகர் ஒன்ஸ்:

இதை யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். எட்டாவது படிக்கும்போதிலிருந்து நான் ட்வைஸ் ரசிகை, ஒன்பது பெண்கள் சேர்ந்த கொரியப் பாட்டுக் குரூப் அது. ஊர் கடலூர் முதுநகர், இப்போது காலேஜ் இரண்டாம் வருடம். என் வகுப்பில் கே-பாப் கேட்கிறவர்கள் நிறையப் பேர், ஆனால் எல்லாரும் ஐவ், ஏஸ்பா, இல்லிட் என்று புதுக் குரூப் பக்கம் போய்விட்டார்கள். ட்வைஸ் புதுப் பாட்டோடு கம்பேக் வரும்போதெல்லாம், கொரியாவில் பாட்டுக் கேட்கிற ஆப்பான மெலோனின் சார்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பி "உங்க அக்காங்கள எங்கடி காணோம்" என்று கேட்கிறார்கள். நானும் மேலிருந்து கீழே வரை தேடுகிறேன், அவர்கள் சொல்வது உண்மையாகத்தான் இருக்கிறது. 2016-ல் "சியர் அப்" அந்த வருடம் முழுவதற்கும் கொரியாவின் முதல் பாட்டு, அதே வருடம் "டிடி"யும் முதலிடம். அப்படி இருந்தவர்களின் புதுப் பாட்டு இப்போது வெளியாகிற அன்றைக்கு எட்டிப் பார்க்கிறது, அப்புறம் ஆளையே காணோம்.

என்னால் ஆனதைச் செய்கிறேன். ராத்திரி என் போன், அம்மா போன், தம்பி போன் எல்லாவற்றிலும் ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் பாட்டை ஓடவிட்டுத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். சத்தத்தை முழுசாகக் குறைத்தால் கணக்கில் வராது என்று குழுவில் சொன்னதால் ஒரு புள்ளி மட்டும் வைத்திருப்பேன். காலையில் எடுத்தால் போன் கொதிக்கிறது, அன்றைய டேட்டாவில் பாதி போயிருக்கிறது, அம்மாவிடம் திட்டு வேறு. திட்டு வாங்கினால் வாங்கிக்கொள்கிறேன். இத்தனை செய்தும் சார்ட்டில் ஒரு இடம்கூட நகரவில்லையே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. இப்போது ஒரு டெலிகிராம் குழுவில் மெலோனில் காசு கட்டிக் கேட்பதற்கான பாஸ் வாங்கித் தருகிறோம், ஆளுக்கு இவ்வளவு போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?

பத்து வருடம் தாண்டிய குரூப். பாட்டு ஓடவில்லை என்று கம்பெனி கைவிட்டுவிட்டால் ஒன்பது பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை மினா:

தங்கச்சி, முதலில் பணம் போடாதே. மெலோன் கொரியாவுக்குள் இருப்பவர்களுக்கான சேவை, ஒழுங்காகக் கணக்குத் திறக்க வேண்டும் என்றால் அந்த ஊர் கைபேசி எண்ணைக் காட்ட வேண்டும். முகம் தெரியாத ஒருவர் இன்னொருவர் பேரில் வாங்கித் தருகிற பாஸ் நாளைக்கே முடங்கினால் யாரிடம் போய்க் கேட்பாய்?

அடுத்தது, நீ ராத்திரி முழுக்க ஓடவிடுவது மெலோனுக்குப் போவதே இல்லை. எந்த ஆப்பில் கேட்கிறாயோ அந்தக் கணக்கில்தான் சேரும். நீ கேட்பது ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும். கடலூர் வாக்காளர் பாண்டிச்சேரி வாக்குச்சாவடியில் போய் வரிசையில் நின்ற மாதிரிதான் இது, எத்தனை மணி நேரம் நின்றாலும் பட்டியலில் பேர் இருக்காது. அமெரிக்காவில் பில்போர்டு போடுகிற பாட்டு சார்ட்டான ஹாட் 100, ஆல்பம் சார்ட்டான பில்போர்டு 200 இரண்டும் அப்படியே, அமெரிக்காவுக்குள் கேட்பதும் வாங்குவதும் மட்டும்தான் அங்கே கணக்கு. நம் ஊரில் கேட்பதும் எண்ணப்படுகிற சார்ட் ஒன்று உண்டு, பில்போர்டு குளோபல் 200. 2020 செப்டம்பரில் தொடங்கினார்கள், 200-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்தும் பகுதிகளிலிருந்தும் எடுக்கிறார்கள். அதிலும் காசு கட்டிக் கேட்பவருக்கு இருக்கிற மதிப்பு இலவசமாகக் கேட்பவருக்கு இல்லை. விபிஎன் போட்டு அமெரிக்கா மாதிரிக் காட்டலாம் என்று யாராவது சொன்னால் அதுவும் வேண்டாம், சந்தேகப்பட்டால் கணக்கிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். 2019-ல் "ஃபேன்ஸி", "ஃபீல் ஸ்பெஷல்", 2020-ல் "மோர் அண்ட் மோர்", "ஐ கான்ட் ஸ்டாப் மீ", இந்த நாலும் வெளியானது திங்கட்கிழமை. அப்போதெல்லாம் கொரிய நேரம் மாலை 6, நமக்கு மதியம் 2:30. 2021-க்குப் பிறகு வந்த பெரிய கொரிய ஆல்பங்களைப் பார், வரிசையாக வெள்ளிக்கிழமை. 2024 பிப்ரவரி 23-ல் வந்த "வித் யூத்" கொரியாவில் பட்டப்பகல் 2 மணிக்கு வெளியானது, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போதுதான் வெள்ளிக்கிழமை பிறக்கிறது. பில்போர்டின் வாரம் வெள்ளியன்று தொடங்குகிறது. கொரியாவின் சர்க்கிள் சார்ட்டுக்கு வாரம் ஞாயிறிலிருந்து சனி வரை. வெள்ளியன்று வந்தால் அங்கே முதல் வாரத்தில் கையில் கிடைப்பது இரண்டே நாள். கம்பெனி இது தெரியாமல் செய்யவில்லை. கொரிய வாரச் சார்ட்டை விட்டுக்கொடுத்து அமெரிக்கப் பக்கம் குறிவைத்தார்கள், அந்த ஆல்பம் 2024 மார்ச்சில் பில்போர்டு 200-ல் முதலிடம் வந்தது. ட்வைஸுக்கு அதுதான் முதல் தடவை. உன் வகுப்புத் தோழிகள் அனுப்புகிற ஸ்கிரீன்ஷாட்டில் இதெல்லாம் தெரியாது.

நெல்லிக்குப்பத்தான், சிங்கப்பூரிலிருந்து:

நான் நெல்லிக்குப்பம், இங்கே ஷிப்யார்டில் வேலை. 2023 செப்டம்பரில் சிங்கப்பூர் இண்டோர் ஸ்டேடியத்துக்கு வந்தபோது போய்ப் பார்த்தேன். டிக்கெட் கிடைக்கவே பெரும்பாடு. உள்ளே போனதும் எல்லார் கையிலும் கேண்டிபாங் என்கிற ட்வைஸ் ரசிகர் விளக்கு, அதை மேடைப் பக்கத்திலிருந்தே இயக்குகிறார்கள். விளக்கு அணைந்ததும் அரங்கம் முழுக்க ஒரே நொடியில் மஜந்தா நிறம், அடுத்த பாட்டுக்கு மொத்தமும் ஆப்ரிகாட். எனக்கு இந்தப் பக்கம் ஒரு பாட்டி பேத்தியோடு வந்திருந்தார், அந்தப் பக்கம் ஆபீஸ் சட்டையோடு நேராக வந்த ஒரு ஆள், வரிக்கு வரி கத்துகிறார். முடிந்துவிட்ட குரூப்புக்கு இப்படிக் கூட்டம் வருமா தங்கச்சி? 2024 ஜூலையில் யோகோஹாமாவின் நிஸான் ஸ்டேடியத்தில் பாடினார்கள், 70 ஆயிரம் பேருக்கு மேல் கொள்ளும் இடம், வெளிநாட்டுப் பெண் கலைஞர்களில் அங்கே முதலில் மேடை ஏறியது இவர்கள்தான். 2025 ஆகஸ்டில் சிகாகோ லொல்லபலூசாவில் முதன்மை நிகழ்ச்சியே இவர்களுடையது, அதற்கு முன்னால் எந்த கே-பாப் பெண்கள் குரூப்புக்கும் அது கிடைத்ததில்லை. மெலோனில் எத்தனாவது இடம் என்று பார்த்தா அங்கே கூப்பிட்டிருப்பார்கள்?

கெடிலக்கரை:

மேலே சொன்னது எல்லாம் சரிதான், ஆனால் எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை மேல் போட முடியாது. கொரியாவில் இறங்கியது உண்மை, அதற்குப் பாட்டும் ஒரு காரணம். "லைக் ஊ ஆ", "சியர் அப்", "டிடி", "லைக்கி", "ஃபேன்ஸி" எல்லாம் பிளாக் ஐட் பில்சங் என்ற பேரில் சேர்ந்து இசையமைக்கிற இரண்டு பேர் போட்ட பாட்டு. அவர்கள் பிறகு சொந்தமாகக் கம்பெனி வைத்து 2020 நவம்பரில் ஸ்டேஸி என்ற குரூப்பைக் கொண்டுவந்தார்கள், தங்கள் கையிலிருந்த அந்தத் துள்ளலை அங்கே கொடுத்தார்கள். ட்வைஸ் பக்கம் ஆங்கில வரிகள் கூடின, சத்தம் மெருகேறியது, ஆனால் தெருவில் போகிற கொரியப் பாட்டியும் முணுமுணுக்கிற மாதிரி ஒரு வரி வருவது குறைந்துவிட்டது. நல்ல பாட்டு இல்லை என்று சொல்லவில்லை. "ஐ கான்ட் ஸ்டாப் மீ" எனக்கு உயிர். ஆனால் ரசிகர்கள் கேட்கிற பாட்டு வேறு, ஊரே கேட்கிற பாட்டு வேறு. சார்ட் இரண்டாவதைத்தான் பார்க்கிறது.

மெலோனும் விதியை மாற்றியது. முன்பு மணிக்கு மணி சார்ட் மாறும், ரசிகர்கள் விடிய விடிய ஓடவிட்டே ஏற்றிவிடலாம். 2020 ஜூலையில் அதை எடுத்துவிட்டு, கடைசி 24 மணி நேரத்தில் ஒரு ஆள் ஒரு பாட்டை எத்தனை முறை கேட்டாலும் ஒன்றுதான் என்று ஆக்கினார்கள். 2021 ஆகஸ்டில் மறுபடி மாற்றிக் கடைசி ஒரு மணி நேரத்தையும் கணக்கில் சேர்த்தார்கள், ஆனாலும் பழைய காலம் திரும்பவில்லை. 2020 கடைசியிலிருந்து 2022-க்குள் ஏஸ்பா, ஐவ், நியூஜீன்ஸ் என்று அடுத்த தலைமுறை மொத்தமாக வந்து இறங்கியது, இருக்கிற நாற்காலி அதே பத்துதான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், முதுநகர் தோழி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இதே கம்பெனி 2009-ல் வொண்டர் கேர்ள்ஸை அமெரிக்காவுக்குக் கூட்டிப் போனது. "நோபடி" ஹாட் 100-ல் 76-வது இடம், கொரியப் பாட்டு ஒன்று அந்தச் சார்ட்டில் ஏறியது அதுதான் முதல் தடவை. ஆனால் அவர்கள் அங்கே ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தபோது இங்கே கொரியாவில் வேறு குரூப்புகள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அப்புறம் ஆட்கள் மாறினார்கள், 2017 ஜனவரியில் கலைந்தார்கள். வெளிநாட்டு வெற்றி குரூப்பைக் காப்பாற்றும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதுநகர் ஒன்ஸ்:

எல்லாருக்கும் நன்றி. பணம் போடவில்லை, அந்தக் குழுவிலிருந்தும் வந்துவிட்டேன். ஆனால் கெடிலக்கரை அண்ணா வொண்டர் கேர்ள்ஸ் பற்றிச் சொன்னதும் வயிற்றைக் கலக்குகிறது. பில்போர்டில் முதலிடம் சந்தோஷம்தான், ஆனாலும் சொந்த நாட்டில் கேட்க ஆள் இல்லை என்றால் அவர்கள் மனசு என்ன பாடுபடும்? ட்வைஸின் தலைவி ஜிஹ்யோ பத்து வருடம் பயிற்சி எடுத்துவிட்டு மேடைக்கு வந்தவர். அவரைப் போன்றவர்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் கைதட்டுவது முக்கியம் இல்லையா? எனக்கு அதுதான் உறுத்துகிறது, சார்ட் எண் அப்புறம்.

லாஸ்பேட்டை மினா:

நல்ல கேள்வி கேட்டாய். வொண்டர் கேர்ள்ஸ் காலத்துக்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அவர்கள் ஊரை விட்டுவிட்டுப் போய் அமெரிக்காவிலேயே தங்கினார்கள். ட்வைஸ் கொரியாவில் ஆல்பம் போடுவதை ஒரு வருடம்கூட நிறுத்தவில்லை, 2017-லிருந்து ஜப்பானில் தனியாக ஒரு சந்தையும் வளர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு கால் வழுக்கினாலும் நிற்க இன்னொரு கால் இருக்கிறது. கொரியாவில் ஒப்பந்தம் ஏழு வருடம் என்பதால் பல குரூப்புகள் அந்த வருடத்தில்தான் உடையும். இவர்களுக்கு அது 2022, ஒன்பது பேருமே மறுபடி கையெழுத்துப் போட்டார்கள். கொரியச் சார்ட்டில் பிடி தளர ஆரம்பித்த பிறகு எடுத்த முடிவு அது. குரூப்பில் இருக்கிற மினா 2019-ல் மேடை பதற்றத்தால் ஒதுங்கியிருந்தபோதும், பிறகு ஜங்யோன் ஓய்வெடுத்தபோதும் இது ஒன்பது பேர் குரூப்பாகவேதான் இருந்தது. பாட்டு நாலு இடம் இறங்கியதற்காகப் பிரிகிறவர்களாக எனக்குத் தெரியவில்லை.

கொரியக்காரர்கள் மறந்துவிட்டார்கள் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரேவ் கேர்ள்ஸ் கதை தெரியும்தானே? 2017-ல் வந்த "ரோலின்" அப்போது யார் கண்ணிலும் படவில்லை. குரூப்பைக் கலைத்துவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்த நேரம். 2021 பிப்ரவரியில் யாரோ ஒருவர் அவர்கள் ராணுவ முகாம்களில் ஆடியதையெல்லாம் தொகுத்து யூடியூபில் போட்டார், சிப்பாய்கள் கூடச் சேர்ந்து பாடுவதைப் பார்த்து ஊரே சிரித்தது, கேட்டது, மார்ச்சில் மெலோனில் முதலிடம். நாலு வருடம் கழித்து! ட்வைஸுக்கும் அதில் கொஞ்சம் நடந்தது. 2024 டிசம்பரில் வந்த "ஸ்ட்ராட்டஜி" உடனே ஹாட் 100-ல் ஏறவில்லை. 2025-ல் நெட்ஃபிளிக்ஸின் கே-பாப் டீமன் ஹண்டர்ஸ் படத்தில் சேர்ந்து, எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் கேட்டுக் கேட்டுத்தான் ஏறியது. யாரும் தலையணைக்குக் கீழே போன் வைத்து ஏற்றவில்லை.

நெல்லிக்குப்பத்தான், சிங்கப்பூரிலிருந்து:

இதை அப்படியே உன் தோழிகளுக்கு அனுப்பு தங்கச்சி. அப்புறம் ராத்திரி தூங்கு.

கெடிலக்கரை:

அக்கா சொன்ன இரண்டு கால் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன், ஜப்பானை நான் யோசிக்கவில்லை. ஆனால் அடுத்த கொரியப் பாட்டில் ஊரே முணுமுணுக்கிற ஒரு வரி வேண்டும் என்ற ஆசையை மட்டும் விட மாட்டேன்.

முதுநகர் ஒன்ஸ்:

எனக்கும் அதே ஆசைதான் அண்ணா. அக்கா, அப்படியானால் நான் செய்கிறதில் எதுதான் உண்மையில் போய்ச் சேரும்? ஏதாவது செய்யாமல் என்னால் இருக்க முடியாது.

லாஸ்பேட்டை மினா:

பாட்டைக் கேட்கத் தோன்றும்போது ஸ்பாட்டிஃபையில் கேள், இடையில் வேறு பாட்டும் கேள். அதுவே குளோபல் கணக்குக்குப் போதும். அம்மா போனையும் தம்பி போனையும் திருப்பிக் கொடுத்துவிடு.

ஆல்பம் வாங்க முடிகிறபோது தனியாக வாங்காதே, தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்து ஆல்பம் விலையைத் தாண்டிவிடும். நாங்கள் பாண்டியில் கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரே பார்சலாக முன்பதிவு செய்கிறோம். கொரியாவில் ஆல்பம் விற்பனையைக் கணக்கெடுக்கிற ஹான்டியோவோடு இணைந்த கடையா என்று பார்த்துத்தான் போடுவோம், அப்போதுதான் முதல் வார விற்பனையில் சேரும். பணம் பார்சல் வந்த பிறகு கையில் கொடுத்தால் போதும், முன்கூட்டி யாரிடமும் வாங்குவதில்லை. ஞாயிறு சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியதும் காந்தி சிலைப் பக்கம் டான்ஸ் கவர் ஒத்திகை நடக்கும், ஆல்பம் வந்தால் அங்கேதான் பிரிப்போம். கடலூரிலிருந்து பாண்டிக்குப் பஸ் எப்போதும் இருக்கிறது, அம்மாவிடம் சொல்லிவிட்டு வா. வேண்டுமானால் அம்மாவையும் கூட்டி வா, எங்களில் இரண்டு பேருடைய அம்மாக்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். "ஃபேன்ஸி"யில் ட்சூயூ இடத்துக்கு எங்களுக்கு ஆள் இல்லை, உயரமாக இருந்தால் முன்கூட்டியே சொல்.