பாக்குமட்டைத் தட்டு: கையில் எடுத்துப் பார்க்கிறார்கள், வாங்காமல் வைத்துவிடுகிறார்கள்

மட்டைக்காரன்:
ஆத்தூர் பக்கம் சின்னப் பட்டறை. கேட்டரிங்காரர்களுக்குப் போகிற சரக்கில் குறையில்லை, சில்லறைதான் நகரமாட்டேன் என்கிறது. 12 அங்குல வட்டத் தட்டு, 25 எண்ணம், ஷ்ரிங்க் கவர் (சூட்டில் சுருங்கி ஒட்டும் பிளாஸ்டிக் உறை), எம்.ஆர்.பி. 200 ரூபாய். லேபிளில் பச்சை இலைப் படம், "100% சுற்றுச்சூழலுக்கு உகந்தது", "ரசாயனமற்றது", "பூமியைக் காப்போம்". கடைக்காரர்கள் ஆர்கானிக் அலமாரியில் நாட்டுச்சர்க்கரைக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். விலையைக் குறைப்பதா, விளம்பரத்தைக் கூட்டுவதா? மழைக்காலத்தில் பூஞ்சை என்று திரும்பி வருவதும் உண்டு.

பந்திக்கட்டு:
விலையில் கை வைக்காதீர்கள். உங்களுக்குப் போட்டி பிளாஸ்டிக் தட்டு இல்லை. பிளாஸ்டிக் பூச்சு ஏற்றிய பேப்பர் தட்டும் தெர்மோகோல் தட்டும் 2019 ஜனவரி 1 முதலே தமிழ்நாட்டில் தடைப் பட்டியலில் இருக்கின்றன (கடையில் கிடைக்கிறதே என்பது வேறு கதை). நம் ஊரில் போட்டி வாழை இலை. "பூமியைக் காப்போம்" என்று இலையோடு மோதினால் தோற்பீர்கள், இலைக்கு லேபிளே வேண்டாம். இலை எங்கே உதவாதோ அங்கே விற்க வேண்டும்: நின்றுகொண்டு சாப்பிடுகிற இடம். பிறந்தநாள், மொட்டை மாடி விருந்து, கொலுவுக்கு வருகிறவர்களுக்குச் சுண்டல், கார் பயணம். பாத்திரம் தேய்க்க ஆள் இல்லாத வீடு.

அதனால் ஆர்கானிக் அலமாரியை விட்டு வெளியே வாருங்கள். பலூன், மெழுகுவர்த்தி, டிஷ்யூ இருக்கும் வரிசையில் இடம் கேளுங்கள். 12 அங்குலம் முழுச் சாப்பாட்டு அளவு; ஒரு கையில் பிடித்து நிற்கும்போது சோறும் குழம்பும் சேர்ந்த கனத்தில் விளிம்பு மடியும். வீட்டுக்கு 10 அங்குலம் பத்து, 6 அங்குலம் பத்து, ஒரே கட்டாக, நூறு ரூபாய்க்குள் நிற்கும்படி போடுங்கள். 25 தட்டை வாங்கி மீதியை எங்கே வைப்பது என்பதுதான் திருப்பி வைக்கிறவர் யோசனை.

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரே வரி போதும்: "சூடான சாம்பார் ஊற்றினாலும் ஒழுகாது". போடுவதற்கு முன் சோதித்துவிடுங்கள். ஒவ்வொரு நாள் உற்பத்தியிலும் சில தட்டுகளை எடுத்து, கொதித்த ரசம் 100 மில்லி ஊற்றி, செய்தித்தாள் மேல் அரை மணி நேரம் வையுங்கள். தாளில் ஈரம் தெரிந்தால் பெரும்பாலும் வளைவில் மயிரிழை விரிசல் இருக்கும். மட்டை சரியாக ஊறாமல் அச்சுக்குப் போனதும், மட்டையின் மெலிந்த ஓரத்தில் தட்டு விழுந்ததும்தான் வழக்கமான காரணங்கள்.

லேபிள்_சட்டம்:
மேலே சொன்னது வியாபாரம். உங்கள் லேபிளே வழக்குக்கு வழி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பசுமைப் பூச்சு விளம்பரங்களுக்கென்றே (இல்லாத சுற்றுச்சூழல் நன்மையை இருப்பதாகக் காட்டுகிறவை) வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. "சுற்றுச்சூழலுக்கு உகந்தது", "இயற்கையானது", "பசுமை" மாதிரிப் பொதுச் சொற்களை விளக்கம் இல்லாமல் தனியாகப் போடக்கூடாது. எதைப் பற்றிச் சொல்கிறீர்கள், தட்டையா, உறையையா, தயாரிப்பு முறையையா என்பது தெரிய வேண்டும். "மக்கும்", "இன்னது கலக்காதது" என்று குறிப்பாகச் சொன்னால் சான்றிதழோ அறிவியல் ஆதாரமோ மூன்றாம் தரப்புச் சரிபார்ப்போ கையில் இருக்க வேண்டும். விவரத்தை கியூஆர் கோடில் வைக்கலாம். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

இப்போது உங்கள் கட்டைப் பாருங்கள். "100%" என்கிற சொல்லே ஷ்ரிங்க் கவர் மேல்தான் ஒட்டியிருக்கிறது. வாங்குகிறவர் கண்ணுக்கு அது தப்பாது.

மாற்றாக, காகித உறைக்கு மாறிவிட்டு இப்படிப் போடுங்கள்: "தட்டு: உதிர்ந்த பாக்குமட்டை மட்டும். பசை, பூச்சு, சாயம் சேர்க்கவில்லை. உறை: காகிதம்." இதை நிரூபிக்கலாம். எண்ணிக்கை, அளவு, தயாரித்த மாதம்-ஆண்டு, முகவரி, புகார் எண், எம்.ஆர்.பி., ஒரு தட்டின் விலை ஆகியவையும் வேண்டும். கட்டில் இரண்டு அளவு இருந்தால் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

அச்சு_மெக்கானிக்:
பூஞ்சைக்கும் அந்தக் கவர்தான் பாதிக் காரணம். அச்சிலிருந்து வந்த தட்டு தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், தடித்த நடுப்பகுதியில் ஈரம் நிற்கும். அதைக் காற்றுப் புகாமல் மூடினால் ஈரம் உள்ளேயே சுற்றி, சில வாரத்தில் வெள்ளைப் புள்ளி, பிறகு கறுப்பு.

கட்டுவதற்கு முன் பத்துத் தட்டைத் தராசில் போட்டு எடை குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு மணி நேரம் காயவைத்து மறுபடி போடுங்கள். எடை இறங்கினால் இன்னும் காயவில்லை. நிற்கும் வரை காயவையுங்கள். மழைக்காலத்தில் வெயிலை நம்பாமல் உலர்த்தும் அறை. கட்டுவது காகிதப் பட்டை, அதன் மேல் அட்டைப்பெட்டி. குடோனில் தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். மட்டையையும் மழைக்கு முன்பே சேர்த்து, காய்ந்ததாக இருப்பு வையுங்கள். தோட்டத்தில் நனைந்து கிடந்த மட்டையில் பூஞ்சை ஏற்கெனவே ஏறியிருக்கும்.

நிறம் வெளுக்கவும் பூஞ்சை தடுக்கவும் சிலர் கந்தகப் புகை போடுகிறார்கள். நீங்களும் போட்டால் "ரசாயனமற்றது" பொய்.

மட்டைக்காரன்:
கந்தகம் போடுவதில்லை. கவரை மாற்றிவிடுகிறேன். இன்னொன்று: அமெரிக்காவில் பாக்குத் தட்டு ஆபத்து என்ற செய்தியைக் காட்டிக் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

லேபிள்_சட்டம்:
வதந்தி என்று மட்டும் சொல்லாதீர்கள். 2025 மே மாதம் அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., பாக்குமட்டைத் தட்டுகளை அங்கே விற்கக்கூடாது என்று அறிவித்தது உண்மை. பாக்கு மரத்தின் அரிக்கோலின் முதலான ஆல்கலாய்டுகள் (செடிகளில் இயல்பாக இருக்கும், உடலைப் பாதிக்கக்கூடிய வேதிப்பொருள்கள்) தட்டிலிருந்து உணவில் இறங்கலாம் என்பது அவர்கள் காரணம். "நச்சு அறவே இல்லை", "குழந்தைகளுக்கு முழுப் பாதுகாப்பு" போன்ற வரிகள் லேபிளில் இருந்தால் இன்றே எடுங்கள். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் உங்கள் தட்டைக் கொடுத்து, உணவில் என்ன இறங்குகிறது என்று சோதியுங்கள். அரிக்கோலினைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான சோதனைப் பட்டியலில் அது இருக்கும் என்று எண்ண வேண்டாம். அறிக்கையைக் கியூஆர் கோடில் அப்படியே வையுங்கள்.

இலை, மட்டை போன்ற வேளாண் துணைப்பொருள் தட்டுகளுக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) தரம் 2023இல் வந்தது: ஐ.எஸ். 18267. ரசாயனம், ரெசின், பசை கூடாது, விளிம்பு கூராக இருக்கக்கூடாது என்கிறது. அந்த உரிமம் இல்லாமல் ஐ.எஸ்.ஐ. முத்திரை போடாதீர்கள்.

பந்திக்கட்டு:
"மக்கும்" என்று போடப்போகிறீர்களானால் எப்படி என்பதையும் எழுதுங்கள். முழுத் தட்டை மாடித்தோட்டத் தொட்டியில் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், "ஏமாற்றுகிறார்கள்" என்பார்கள். நாலாகக் கிழித்து, நனைத்து, ஈரக் கழிவோடு கலந்து போடச் சொல்லுங்கள். எண்ணெய் ஊறிய தட்டுக்கு எறும்பும் எலியும் வரும், அதையும் மறைக்க வேண்டாம்.

மட்டைக்காரன்:
10+6 கட்டு 50 மட்டும் போட்டு, பலூன் வரிசையில் வைக்கச் சம்மதித்த இரண்டு கடைக்குத் தருகிறேன். பழைய 25 கட்டை அதே கடைகளில் பழைய இடத்திலேயே விடலாமா, எடுத்துவிடலாமா?

பந்திக்கட்டு:
ஒரு கடையில் விடுங்கள், ஒரு கடையில் எடுங்கள். நாலு வாரம் வாராவாரம் எண்ணுங்கள். ஆனால் கவர் போட்ட பழைய சரக்கு மழைக்கு முன் தீரட்டும்.